கொழுந்தன் கடை கேப்சூல்

உள்ள வாங்க அக்கா. இந்தச் சேர்ல உக்காருங்க, அதுல காலு ஆடும். காத்தாடியக் கொஞ்சம் கூட்டி வைக்கவா?

சிவகிரியில இருந்துதான வாரீங்க? எங்க கொழுந்தன் நயினார் மகன் சண்முகவேலுக்கு உங்க பொண்ணக் கேட்டிருக்காக, அதப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்க. நீங்க சொல்லவே வேண்டாம், உங்களப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. நல்லதா நாலு வார்த்தை சொல்லுத வீட்டுக்கெல்லாம் போயிட்டு, கடைசியா ஆகாத வீட்டுக்கு வந்திருக்கீங்க. விவரமான ஆளுதான் நீங்க. உறவாடுத வீட்டுல எவன் உண்மையச் சொல்லுவான்?

என்ன கேக்கீங்க? பையனுக்குக் குடல்ல ஏதோ சீக்குன்னு கேள்விப்பட்டீங்களா? யாரு சொன்னது, கடையநல்லூர்க்காரங்களா? ம். இருக்கட்டும். அதுக்கு வாரேன். முதல்ல அப்பனப் பத்திக் கேளுங்க. மகனக் கட்டிக்கிட்டாலும் உங்க பொண்ணு வாழப்போறது அந்த அப்பன் வீட்டுலதான.

நயினாரு எங்க வீட்டுக்காரகளுக்கு நேர் இளையவன். இந்தப் புளியங்குடி பஜாருல அவன் மருந்துக்கடை வச்சது எல்லாருக்கும் தெரியும். அப்ப முன்னால நின்னது யாருன்னு மட்டும் யாருக்கும் ஞாபகம் இருக்காது. எங்க வீட்டுக்காரக, எலுமிச்சங்கா மண்டிய விட்டுட்டு அவன் பின்னால திருநவேலிக்கும் தென்காசிக்கும் அலைஞ்சாக. நான் கடை தெறந்த அன்னைக்கு வெளக்கேத்தினேன். அப்பேர்ப்பட்ட மதினிக்கு அவன் என்ன செய்யணும்? கேட்டதக் குடுக்கணுமா இல்லையா?

அவன் என்ன செய்வான் தெரியுமா? நான் சளின்னு போய் நின்னா, "மதினி, இது சாதாச் சளி. கேப்சூல் சாப்பிட்டாலும் இதுக்குக் கேக்காது. சுக்குத்தண்ணி குடிங்க, தானாப் போயிரும்"பான். நீங்களே சொல்லுங்க, மருந்து விக்குதவன் சுக்குத்தண்ணி குடின்னா என்ன அர்த்தம்? மதினிக்குச் சும்மா குடுக்க மனசில்லன்னு அர்த்தம். நான் விடுவனா? அங்கயே நிப்பேன். கடையில நாலு ஆளு நிக்கையில சத்தமாக் கேப்பேன். "ஊருக்கெல்லாம் குடுக்க, அண்ணன் பொண்டாட்டிக்கு இல்லையா நயினாரு?" அவன் மொகம் சுருங்கும். உள்ள போயி அந்தக் கேப்சூல் அட்டைய எடுத்துட்டு வந்து குடுப்பான்.

குடுத்தான்ல? குடுத்தது அவன்தான? அதத்தான் நான் சொல்ல வாரேன்.

குடுக்கும்போது ஒரு பாட்டு பாடுவான். "அஞ்சு நாளும் முழுசாச் சாப்பிடணும் மதினி, பாதியில விடக்கூடாது." ரெண்டாம் நாளே தொண்டை சரியாயிரும். சரியானதுக்கப்புறம் எவளாவது மருந்து திம்பாளா? மிச்சத்த அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்துல ஒரு டப்பாவுல போட்டு வச்சிருப்பேன். எம்மகளுக்கு மூக்கடைப்புன்னா ரெண்டு. எங்க வீட்டுக்காரகளுக்குக் கால்ல முள்ளு குத்திப் பழுத்துச்சுன்னா ரெண்டு. பக்கத்து வீட்டுல காய்ச்சல்னு சொன்னா அவகளுக்கும் ரெண்டு. இந்தத் தெருவுல என்னையத்தான் கேப்பாக. மனுசருக்கு மனுசர் அந்த ஒத்தாசை கூட இல்லன்னா எப்பிடி?

இப்பிடியே நல்லாத்தான் இருந்தேன். போன வருசம் ஆடித்தபசு சமயம். கடவாப்பல்லு வலி, தாடை இம்புட்டுத் தண்டிக்கு வீங்கிப்போச்சு. கடைக்குப் போனேன். அவன் பாத்துட்டு, "பல் டாக்டர்ட்டப் போங்க மதினி, இது பிடுங்கவேண்டிய பல்லு"ன்னான். "பல்லப் பிடுங்குறது கெடக்கட்டும், இப்ப வீக்கத்துக்குக் குடு. பழைய கேப்சூல்லாம் இப்ப எனக்குக் கேக்க மாட்டேங்கு, வீரியமாக் குடு"ன்னேன். முடியாதுன்னான். நான் தாடையப் பிடிச்சுக்கிட்டு அந்தக் கடை வாசல்லயே உக்காந்துட்டேன். பொறவு குடுத்தான். பெரிய கேப்சூலு. "இது கடுமையானது. டாக்டரக் கேட்டுட்டுச் சாப்பிடுங்க"ன்னான். "எனக்கு நீதாம்ல டாக்டரு"ன்னு சொல்லிட்டு வந்தேன். அப்பிடி நம்பி வந்தேன் அக்கா. அந்த நம்பிக்கைக்கு அவன் செஞ்சதக் கேளுங்க.

வீக்கம் வடிஞ்சிட்டு. அது உண்மை. ஆனா வயிறு ஆரம்பிச்சிட்டு. முதல்ல ஏதோ எண்ணெப் பலகாரம் ஒத்துக்கலன்னு நெனச்சேன். தண்ணி தண்ணியாப் போகுது. டப்பாவுல இருந்த வேற கேப்சூல எடுத்துப் போட்டேன். இன்னும் ஜாஸ்தியாப் போகுது. காய்ச்சல் வேற. பொறவு ரத்தமும் சளியுமாப் போச்சு. பகவதி வந்தா. பகவதின்னா கொழுந்தன் பொண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. கஞ்சி கொண்டாந்தா. "அக்கா, இனி எந்த மாத்திரையும் போடாதீங்க, அவுக சொல்லிவிட்டாக. கார் வரச் சொல்லுதேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம்"னா. "மாத்திரையக் குடுத்ததும் உம் புருசன், போடாதன்னு சொல்லுததும் உம் புருசனா? போடி வெளிய"ன்னு சொன்னேன். கஞ்சியத் தொடல.

கடைசியில நான் மயங்கி விழ, இவுக பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாக. அங்க ஒரு பொம்பள டாக்டரு, ஜெசிந்தான்னு பேரு, நாகர்கோயில் பக்கம். அந்தப் புள்ளதான் எனக்கு எல்லாத்தையும் பொறுமையாச் சொல்லிச்சு.

"அம்மா, உங்க குடல்ல கோடிக்கணக்குல நுண்ணுயிர் குடியிருக்கு"ன்னா.

எனக்கு அருவருப்பாப் போச்சு. வீட்ட தெனம் ரெண்டு தடவை துடைக்குதவ நான். "எனக்கு அப்பிடியெல்லாம் இல்ல டாக்டர்"னேன்.

"இருக்கணும்மா. எல்லாருக்கும் இருக்கு. அதுக சாப்பாட்டச் செரிக்க ஒத்தாசை பண்ணும், சத்து எடுத்துக் குடுக்கும், கெட்ட கிருமிய எடம் பிடிக்க விடாம வச்சிருக்கும். நீங்க பல்லுக்குன்னு விழுங்குன மருந்துக்குப் பல்லு எது குடல் எதுன்னு தெரியாது. வயித்துல கரைஞ்சு ரத்தத்துல ஏறும், ஒடம்பு பூராப் போகும். கொஞ்சம் ஈரல் வழியா, பித்தநீரோட மறுபடி குடலுக்கே வந்து சேரும். அங்க நல்லதையும் சேத்துக் கொன்னுரும். ஒரே ஒரு கெட்ட கிருமி மட்டும் ஓடு கட்டிக்கிட்டு ஒளிஞ்சுக்கிடும், மருந்து அத ஒண்ணும் செய்யாது. மத்ததெல்லாம் செத்தப்புறம் அது வெளிய வந்து, எடம் பூரா நமக்குத்தான்னு பெருகி, விஷத்தக் கக்கும். அதான் இந்த ரத்தம்."

அப்ப நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அப்ப எங்கொழுந்தன் குடுத்த கேப்சூல்தான் காரணம், அப்பிடித்தான?" அந்தப் புள்ள என்னையப் பாத்துட்டு, "டாக்டர் சீட்டு இல்லாம அடிக்கடி சாப்பிட்டதுதாம்மா காரணம்"னுச்சு. ரெண்டும் ஒண்ணுதான. எனக்குத் தெளிவாயிட்டு. அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டே முடிவு பண்ணேன். நயினார விடக்கூடாது.

அந்தக் கிருமிய மட்டும் கொல்லுத மருந்துன்னு ஒண்ணு குடுத்தாக. நின்னுச்சு. வீட்டுக்கு வந்தேன். வந்ததும் மொதக் காரியமா, நல்ல உச்சி வெயில்ல, நிக்கவே தெம்பில்ல, சுவத்தப் பிடிச்சுக்கிட்டே பஜாருக்குப் போனேன். கடைக்கு முன்னால நின்னு மண்ண வாரித் தூத்தினேன். "நான் வயிறெரிஞ்சு துடிச்ச மாதிரி நீ துடிக்கணும்ல, இந்தக் கடை பூட்டிக் கெடக்கணும்"னு சொன்னேன். பஜாரே பாத்துச்சு. அவன் கல்லாவ விட்டு எந்திரிச்சு வந்து, என் கால்ல இருந்த மண்ணத் தட்டப் போனான். "தொடாத"ன்னேன். "வெயில்ல நிக்காதீங்க மதினி"ங்கான். நடிப்பு. நாலு பேரு பாக்காங்கல்ல.

மருந்துக் கடைகளச் சோதிக்குத ஆபீசருக்குப் புகார் எழுதிப் போட்டேன். வந்தாரு. கடையச் சோதிச்சு, கொஞ்ச நாளு மூடச் சொல்லிட்டுப் போனாரு. அந்தப் பூட்டப் பாக்கதுக்குன்னே மண்டிக்குப் போற வழிய மாத்தி பஜார் வழியாப் போனேன். கண்ணு நெறஞ்சு போச்சு.

இப்பக் கடை தெறந்துதான் இருக்கு, பாத்திருப்பீங்க. வாசல்ல பெரிய போர்டு. டாக்டர் சீட்டு இல்லாம கேப்சூல் கெடையாதுன்னு எழுதியிருக்கும். எவன் கேட்டாலும் குடுக்கதில்ல. பாதிக் கூட்டம் எதுத்த கடைக்குப் போயிட்டு. எல்லாம் என் புகாரு செஞ்ச வேல. என்ன? அந்த போர்டு கடைய மூடுததுக்கு முன்னாலயே, நான் பாளையங்கோட்டையில கெடக்கும்போதே அவன் மாட்டிட்டான்னு சொல்லுதாகளா? யாரு, பகவதியா? இருக்கும். என் புகாரு வரும்னு தெரிஞ்சுருக்கும். அதான் முந்திக்கிட்டான்.

சரி, கேளுங்க. வயிறு நின்ன மாதிரி நின்னு திரும்பவும் ஆரம்பிச்சிட்டு. மறுபடி பாளையங்கோட்டை. மறுபடி நின்னுச்சு, மறுபடி வந்துச்சு. ஒளிஞ்சிருக்குத கிருமி, மருந்து தீந்ததும் வெளிய வரும். அத எதுத்து நிக்க உள்ள ஒண்ணும் இல்ல. எலும்பும் தோலுமாப் போயிட்டேன் அக்கா. சேலை இடுப்புல நிக்கல. எம்மக என்னையத் தூக்கிக் குளிப்பாட்டுனா. ஒரு வாய் ரசஞ்சோறு செரிக்காது. மோரு கூடாது. அடுத்தவங்க வீட்டுல தாளிக்குத வாசம் வந்தா எனக்கு அழுகை வரும். செத்துருவேன்னே நெனச்சேன். சாகதுல கூட வருத்தமில்ல, அவன் நல்லா இருக்கும்போது நான் முந்திப் போறேனேன்னுதான்.

பொறவு மதுரைக்குக் கொண்டுபோனாக. குடலுக்குன்னே ஒரு டாக்டரு, வயசானவரு. அவரு ஒரு வைத்தியம் சொன்னாரு. இப்ப நான் சொல்லப்போறது இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. நீங்களும் சொல்லக்கூடாது. சொல்லாண்டாம்னுதான் இருந்தேன். ஆனா இதச் சொல்லாட்டா நயினாரோட வஞ்சகம் உங்களுக்கு முழுசாப் புரியாது.

நல்ல ஆரோக்கியமா இருக்குதவங்க குடல்ல இருக்குத அந்த நல்ல கிருமிகள எடுத்து என் குடல்ல விடணுமாம். அது தனியாக் கெடைக்காது. எதுல இருக்கும்? வெளிக்கி போவம்ல, அதுலதான். மொகத்தச் சுளிக்காதீங்க. நான் எம்புட்டுச் சுளிச்சிருப்பேன். அதச் சுத்தமான உப்புத்தண்ணியில கலக்கி, வடிகட்டி, குழாய் வழியாக் கீழ இருந்து உள்ள விடுவாங்களாம். "என்னையக் கொன்னு போட்டுருங்க"ன்னேன். டாக்டரு சிரிச்சாரு. "உங்க தோட்டம் கருகிப்போச்சும்மா, வேற தோட்டத்துல இருந்து நாத்துப் பிடுங்கி நடப்போறோம், அம்புட்டுதான்"னாரு.

அதுக்கு ஆளு வேணும். சும்மா ஏதாவது ஒரு ஆளு ஆகாது. ஆன்டிபயாட்டிக், அதான் இந்தக் கேப்சூல் மாதிரி மருந்து, ரொம்ப காலமாத் தொட்டே இருக்கக் கூடாதாம். எம்மகளக் கேட்டாக. மூக்கடைப்புக்குச் சாப்பிட்டிருக்கா. இவுகளக் கேட்டாக, கால் புண்ணு. எந்தங்கச்சி, தங்கச்சி மகன், மருமகன் எல்லாரும் ஏதோ ஒண்ணுக்குச் சாப்பிட்டிருக்காக. எல்லாம் நயினார் கடைச் சரக்கு. குடும்பத்தயே கெடுத்து வச்சிருக்கான் பாருங்க. நான் எடுத்துக் குடுத்தது உண்மைதான், ஆனா எந்தக் கடையில இருந்து வந்துச்சு?

பொறவு ஒரு நாளு இவுக, "சொந்தத்துல ஒரு பையன் கெடைச்சிட்டான்"னாக. யாருன்னு சொல்லல. எனக்கும் கேக்கத் தெம்பில்ல. குழாய் விட்டாக. மயக்க மருந்துல எனக்கு ஒண்ணும் தெரியல. கொஞ்ச நாள்லயே வயித்துக்குள்ள ஏதோ அடங்குன மாதிரி இருந்துச்சு. பசின்னு ஒண்ணு வந்துச்சு அக்கா. பசி. அத எம்புட்டு மாசமாச்சு பாத்து. அப்பத்தான் அந்தப் பெரிய டாக்டரு ரவுண்ட்ஸ் வந்தவரு சொல்லுதாரு, "உங்களுக்குக் குடுத்த பையன் ரொம்ப நல்ல ஆளும்மா. மருந்துக்கடைக்காரர் மகன்னு சொன்னதும் நான் நம்பிக்கையில்லாமதான் கேட்டேன். சின்னப்புள்ளையில டைபாய்டுக்குச் சாப்பிட்டதோட சரி, அதுக்கப்புறம் அவங்க அப்பா ஒரு கேப்சூல் குடுத்ததில்லையாம்"னு.

மருந்துக்கடைக்காரர் மகன். எனக்குப் புரிஞ்சிட்டு. ஓசூர்ல கம்பெனி வேலையில இருக்குத சண்முகவேலு, லீவு போட்டு வந்திருக்கான்.

இப்பத் தெரியுதா அக்கா வஞ்சகம்? ஊரு பூராக் குடுத்தவன், மதினிக்குக் குடுத்தவன், சொந்த மகனுக்கு மட்டும் ஒண்ணு கூடக் குடுக்கல. சளின்னா அவனுக்குச் சுக்குத்தண்ணிதானாம். பகவதி வாயாலயே கேட்டேன். எனக்குச் சுக்குத்தண்ணின்னா சொன்னான்? ஆமா, சொன்னான், ஆனா கடைசியில குடுத்தான்ல. அவன் மகன் கேட்டிருந்தா குடுத்திருப்பானா? அதக் கேளுங்க முதல்ல.

அன்னைக்குச் சாயந்தரம் பையன் உள்ள வந்தான். தயிர்சாதம் வாங்கிட்டு வந்திருந்தான். "பெரியம்மா, கொஞ்சமாச் சாப்பிட்டுப் பாக்கலாம்னு டாக்டர் சொன்னாக"ன்னான். நான் சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டேன்.

"உங்கப்பன் அனுப்புனானா?"ன்னேன்.

"இல்ல பெரியம்மா. பெரியப்பா போன் பண்ணாக. நான் வந்து சேந்தப்புறம்தான் அப்பாவுக்கே தெரியும்."

"மண்ணள்ளித் தூத்துனது தெரியும்லடா உனக்கு?"

"தெரியும்."

"பொறவு எதுக்கு வந்த?"

பொட்டணத்தப் பிரிக்குத சத்தம் கேட்டுச்சு. பொறவு, "சாதம் புளிச்சுரும் பெரியம்மா"ன்னான். அம்புட்டுதான் பதிலு. போகும்போது, "அப்பா வராந்தாவுல நிக்காக, ஒரு நிமிசம் வரலாமா?"ன்னு கேட்டான். "வரக்கூடாது"ன்னேன். ஆஸ்பத்திரிய விட்டு வாரவரைக்கும் வராந்தாவுலயேதான் கெடந்தான் நயினாரு. நான் உள்ள விடல.

சாதமா? சாப்பிட்டேன். பசிக்கும்ல.

நன்றியா? எதுக்கு நன்றி? அப்பன் என் வயித்துல இருந்து எடுத்தான், மகன் திருப்பிக் குடுத்தான். அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு. நான் பட்ட பாட்டுக்கு என்ன கணக்கு? அது பாக்கி நிக்குல்ல.

அதுக்குத்தான் போன தை மாசம் கடையநல்லூர்க்காரங்க இதே மாதிரி விசாரிக்க வந்தப்ப நான் சும்மா விடல. பொய் சொல்லுத பழக்கம் எனக்குக் கெடையாது. "மதுரையில குடல் டாக்டர்ட்ட பையனப் பாத்தேன். ரத்தம் எடுத்தாக, என்னென்னமோ சோதிச்சாக. மத்தத நீங்களே விசாரிச்சுக்கிடுங்க"ன்னேன். ஒரு வார்த்தை பொய் உண்டா இதுல? காப்பிய முழுசாக் குடிக்காம எந்திரிச்சுப் போனாக. சம்பந்தம் முறிஞ்சிட்டு. பகவதி வீட்டுல அடுப்பு எரியலன்னு கேள்விப்பட்டேன். நான் அன்னைக்கு வடை சுட்டேன்.

என்ன கேக்கீங்க? அவங்க ஏன் நடந்ததச் சொல்லிப் புரிய வைக்கலன்னா? அதான் எனக்கும் அதிசயம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தாச் சம்பந்தம் நின்னிருக்கும். என் மானந்தான் கப்பலேறியிருக்கும், தெருவுல நடந்தா சின்னப்புள்ளைக கூட மூக்கப் பொத்தும். ஆனா பகவதி வாயத் தெறக்கல. பையனும் தெறக்கல. நயினாரும் சொல்லல. பயம் அக்கா. என் மேல அம்புட்டுப் பயம்.

ஆக, குடல் சீக்குன்னு நீங்க கேட்டது அதுதான். சீக்கு எனக்குத்தான், அவனுக்கு என்ன சீக்கு? அவனுக்கு ஒண்ணும் கெடையாது. மஞ்சக்காமாலை இல்ல, எயிட்ஸ் இல்ல, ரத்தத்துல ஒண்ணும் இல்ல, வயித்துல புழு கூட இல்ல. குடிக்க மாட்டான், புகை கெடையாது. எல்லாத்தையும் கேட்டு, சோதிச்சு, பொறவுதான எடுத்தாக. இந்த ஜில்லாவுலயே அம்புட்டுச் சோதனை பண்ணுன மாப்பிள்ளை கெடையாது. அவன் வயித்தப் பத்தி அவன் ஆத்தாளவிட எனக்குத் தெரியும். நான் எதுக்குச் சொல்லுதேன்னா, அவங்க அப்பன் எம்புட்டுப் பத்திரமா அவன மட்டும் காப்பாத்தி...

எதுக்கு எந்திரிக்கீங்க? எதுக்குச் சிரிக்கீங்க?

என்னது, முடிச்சுருவோம்னா? பொண்ணக் குடுக்கவா? நான் என்ன சொன்னேன், நீங்க என்ன கேட்டீங்க? இருங்க. அப்பனப் பத்திச் சொன்னேன்ல. மகனப் பத்தியும் சொல்லுதேன். அவன் வந்து... பேச மாட்டான் அதிகமா. உர்ருன்னு இருப்பான். இல்ல, உர்ருன்னும் சொல்ல முடியாது. ஒருநாளு எங்கிட்ட... இல்ல, அது அவன் இல்ல, எந்தங்கச்சி மகன். கோவக்காரன்னு சொல்லலாம்னா, கோவப்பட்டு நான் பாத்ததில்ல. சும்மா இருங்க, யோசிக்க விடுங்க. ஏதாவது இருக்கும். இல்லாம எப்பிடி?

சரி. உங்க இஷ்டம். நாளைக்கு என்னையக் கொறை சொல்லக்கூடாது.

என்ன, பத்திரிகை வைக்க அவங்களையும் கூட்டிட்டு நீங்களே வருவீங்களா? வாங்க. நயினாரும் வரட்டும். வாசல்ல நிக்கட்டும், உள்ள விடுததா வேண்டாமான்னு நான் அப்பப் பாத்துக்கிடுதேன். கல்யாணத்துக்கு வருவனான்னா? ஏன் வர மாட்டேன்? எனக்கு இல்லாத உரிமையா? மாப்பிள்ளைக்குப் பெரியம்மா நான். மொதப் பந்தியில உக்காருவேன். நயினாரு எந்த வரிசைக்கு முன்னால நின்னு பரிமாறச் சொல்லுதானோ, அந்த வரிசையில, அவன் கண்ணுக்கு நேரா. எல போட்டதும் ஒண்ணும் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். சாம்பாரு, புளிக்கொழம்பு, ரசம், ரெண்டு வகைப் பாயசம், கடைசியில மோரு, எல்லாத்தையும் ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கித் திம்பேன். கடைசிப் பருக்கை வரைக்கும் வழிச்சு. அவன் நின்னு பாக்கட்டும்.